ஃபாக்டரியில் இருந்தபடியே

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் எங்கள் மாடியில் இருக்கும் சின்ன லேபில் உட்கார்ந்து, மாவைக் கரைத்து, மெழுகை உருக்கி, பல்லை வரிசையாக நட்டுச் செட்டாகக் கொடுப்பார். முப்பத்தோரு வருடமாக இதே வேலை. இந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள் பல்லைக் காட்டிச் சிரித்தால், அதில் பாதியாவது எங்கள் மாடியில் தயாரானதாக இருக்கும். பொய்யை நிஜம் போலச் செய்து குடும்பம் நடத்துகிற இந்த மனிதருக்கு வீட்டில் பட்டப்பெயர் "ஒரிஜினல்". வைத்தவள் எங்கள் மகள்.

என்னிடமும் அவர் செய்த பல் ஒன்று இருக்கிறது. கல்லூரி கடைசி வருடத்தில் படிக்கட்டில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேபிலிருந்து இவரையே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இவர் என் வாயை விளக்கு வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் பார்த்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அதிகம். பிறகு பழகி, கல்யாணம் வரை வந்தபோது, "உன் வாயில ஒண்ணுதான் ஃபாக்டரி இல்ல, அதுவும் என் கைவேலை" என்றார். இதைக் காதல் வசனம் என்று நம்பி நான் பூரித்துப் போனேன். மனிதர் மார்க் போட்டிருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கோழிக்கூண்டை நாலு பேர் இறக்கினார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது கார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் இருபது வருடம் கிடந்ததாம். கோழிகள் அதில் மூன்று தலைமுறை எடுத்துவிட்டன. முன்னாலிருந்த யாரோ அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதற்கும் முன்னாலிருந்த யாரோ நீலம் அடித்து, எல்லாவற்றின் மேலும் கோழிகள் தங்கள் பங்குக்கு வெள்ளை அடித்திருந்தன. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் பிரசவம் ஆன அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரியில் மனிதர் இப்படிச் சுற்றி வரவில்லை.

"என்னங்க இது?"

"பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அறுபத்தி மூணாம் வருஷத்து வண்டி. ரெண்டே சீட்டு. மேல கூரை கிடையாது. ஃபாக்டரியிலேர்ந்து எப்படி வெளிய வந்துச்சோ, அப்படியே திருப்பிக் கொண்டு வரப் போறேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒன்றரை வருஷம். மிஞ்சிப் போனா ரெண்டு."

அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தார். அந்த நிலையில் ஆண்கள் வாக்குக் கொடுப்பார்கள். இவரும் கொடுத்தார். "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தண்ணீரை ஒட்டியே ரோடு. இந்த ஊரில்தான் பிறந்தேன், இங்கேயேதான் வாழ்க்கைப்பட்டேன். ஆனால் அந்த ஏரியை நான் பார்த்ததெல்லாம் பஸ்ஸில் நின்றபடி, யாருடைய அக்குளுக்கோ கீழே குனிந்து, ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகத்தான். "வண்டி ரெடியானதும் என்னை ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. முடி பறக்கப் போகணும். ஒரே ஒரு ரவுண்டு போதும்" என்றேன்.

"கண்டிப்பா" என்றார்.

மறுநாளே கடைக்குப் போய் அந்த ரவுண்டுக்காக ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். கருஞ்சிவப்புத் தோல், மரத்தாலான குதிகால். போட்டு நடந்தால் தரையில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். வாங்கி, பெட்டியோடு அலமாரி மேலே வைத்தேன். ஒன்றரை வருடம்தானே என்று நினைத்தேன்.

காரை முதலில் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். அவர்கள் என்றால் இவரும் ஒரு மெக்கானிக்கும். அந்த மெக்கானிக் நாற்பது வருடம் லாரி பார்த்தவர், எதையும் ஒரு கம்பி, ஒரு ரப்பர், ஒரு கெட்ட வார்த்தை இவற்றை வைத்தே ஓட வைத்துவிடக் கூடியவர். அப்படிப்பட்டவரை இவர் பாடாய்ப் படுத்தினார். ஒரு நாள் மெக்கானிக் தெரியாத்தனமாக டேஷ்போர்டில் ப்ளஸ் தலை ஸ்க்ரூ ஒன்றை மாட்டிவிட்டார். அறுபத்து மூன்றில் அந்த இடத்தில் ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூதான் வந்ததாம். இவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. மகளுக்கு ஒரு தடவை டைபாய்டு வந்தபோது இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டவர் இவர் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

வெளிநாட்டில் எங்கோ ஒரு ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு தாள் வந்தது. வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், ஃபாக்டரியை விட்டு வெளியே வந்த தேதி, நிறம். நிறம் தந்த வெள்ளை என்று போட்டிருந்தது. சிவப்பையும் நீலத்தையும் கோழியையும் சுரண்டிப் பார்த்தபோது, கதவு மடிப்புக்குள் கட்டைவிரல் அகலத்துக்கு அந்தப் பழைய நிறம் கிடைத்தது. பெயின்ட் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு நிறத்தைக் கலந்து கொடுத்தார். "இது வெள்ளை. தந்தம் இல்ல" என்று இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு தடவை இப்படி நடந்தது. ஏழாவது தடவை லேபிலிருந்து பல் நிறம் பார்க்கிற அட்டையை எடுத்துக்கொண்டு போனார். வரிசையாகப் பதினாறு பல் கோத்திருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கதவு மடிப்பில் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்து, ஐந்தாவது பல்லை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்து, "இந்தப் பல்லு மாதிரி கலங்க" என்றார். டீ குடிக்கிற, சிகரெட் பிடிக்காத, நாற்பது வயது ஆளின் பல் நிறம் அது. இன்றைக்கும் அந்தக் கார் அந்த நிறத்தில்தான் நிற்கிறது. யாராவது பாராட்டினால் எனக்கு வாய் கொப்பளிக்கத் தோன்றும்.

இதெல்லாமாவது பரவாயில்லை. அழகாக்குகிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் ஃபாக்டரியில் செய்த தப்பையும் அப்படியே செய்ய வேண்டும் என்று இவர் ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. அந்தக் காலத்தில் இடது கதவு இடுக்கு வலது கதவு இடுக்கைவிட ஒரு நூல் அகலமாக இருந்ததாம். மெக்கானிக் பாவம், இரண்டையும் ஒரே மாதிரி கச்சிதமாகப் பொருத்தியிருந்தார். இவர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "கெடுங்க" என்றார்.

"என்ன சார்?"

"இடது பக்கம் ரொம்ப சரியா இருக்கு. கெடுங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நான் நாப்பது வருஷத்துல எத்தனையோ வண்டிய என்னையறியாம கெடுத்திருக்கேன். கேட்டு வாங்கி கெடுத்துக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

அப்புறம் அந்தச் சாக்பீஸ் விவகாரம். ஃபாக்டரியில் ஒவ்வொரு வண்டியையும் சோதித்தவர், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாராம். அந்த டிக் இருக்கிற பழைய போட்டோ ஒன்று இவருக்குக் கிடைத்துவிட்டது. மூன்று நாள் லேப் சுவர் முழுக்க டிக் போட்டுப் பழகினார். சும்மா டிக் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரத்தில், அவசரத்தில், இடது கையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் போடுகிற டிக். நான்காம் நாள் காரில் போட்டார். நன்றாக வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கும் டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் நான் கராஜைப் பெருக்கப் போனேன். தகரத்தில் என்னவோ நீலமாக ஒட்டியிருந்தது. ஈரத் துணியை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் எழுந்த சத்தத்தை எழுதினால் அச்சில் ஏறாது.

"அழுக்குன்னு நெனச்சேங்க!"

"அழுக்கா? அது ஃபாக்டரி டிக்!"

"அதை நீங்கதான போட்டீங்க?"

"அதனால?"

 மறுபடியும் மூன்று நாள் பழகி, மறுபடியும் போட்டார். கராஜைப் பெருக்குகிற உரிமை என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த வகையில் லாபம்தான்.

ஒன்றரை வருடம் மூன்றாயிற்று, ஐந்தாயிற்று, எட்டாயிற்று. மகள் படித்து முடித்து வேலைக்கு வேறு ஊர் போனாள். நான் வருடத்துக்கு ஒரு தடவை செருப்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, தோல் வெடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, ஏற்றி வைத்தேன். நடுவில் கார் ஓடுகிற நிலைக்கு வந்தும் விட்டது. மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு புது பிளாஸ்டிக் பம்ப்பை மாட்டி எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். டேங்கிலிருக்கும் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற பம்ப் அது. நான் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். இவர் பம்ப்பைப் பார்த்துவிட்டு, "இது அறுபத்தி மூணு இல்ல" என்று கழற்றச் சொல்லிவிட்டார். நானும் செருப்பைக் கழற்றினேன்.

அசல் பம்ப் கிடைக்க மேலும் இரண்டு வருடம். கடல் தாண்டி, யாரோ ஒருவருடைய மூடிய கடையின் அடித்தட்டிலிருந்து, பிரிக்காத அட்டைப்பெட்டியோடு வந்தது. அதன் இடம் பக்கத்து சீட்டுக்குப் பின்னால், ஒரு தகர மூடிக்குள். சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் போடும். சத்தம் வந்தால் பெட்ரோல் போகிறது, வராவிட்டால் போகவில்லை. பம்ப்பின் ஸ்க்ரூ மேல் ஃபாக்டரிக்காரர்கள் வைத்த ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு இருந்தது. இதுவரை யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இவர் அந்தப் பொட்டைப் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், இது அறுபது வருஷம் டப்பாக்குள்ளயே கெடந்திருக்கு. உள்ள கரண்ட் போற பாயிண்ட் கருத்திருக்கும். தொறந்து ஒரு தடவ தேச்சு விட்டாத்தான் நிக்காம ஓடும்" என்றார் மெக்கானிக்.

"தொறந்தா பொட்டு ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா என்ன சார், நாம ஒரு பொட்டு வச்சா போச்சு. சாக்பீஸ் டிக்கே போட்டுட்டீங்க."

"டிக் அழிஞ்சு போச்சு, அதனால போட்டேன். இது அழியல. அழியாத ஒரிஜினல நான் ஏன் ஒடைக்கணும்?"

மெக்கானிக் என்னிடம் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு தகட்டுக்கு. பழைய கார்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை எங்கள் ஊர் மைதானத்துக்கு வருவார். வண்டி லாரியில் ஏறி வரக் கூடாது, தானே ஓடி வர வேண்டும். காலை பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஆயிரம் மார்க்குக்கு வண்டியைத் துருவிப் பார்த்து, தொள்ளாயிரத்து எண்பதைத் தாண்டினால், "ஃபாக்டரியில் இருந்தபடியே" என்று பொறித்த ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். இவர் தனக்குத் தானே மார்க் போட்டுப் பார்த்ததில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு வந்திருந்தது.

நடுவர் வருவதற்கு முந்தின வாரம், இவர் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "தகடு கெடச்சதும் பெட்ரோல வடிச்சிட்டு வண்டிய நாலு கட்டை மேல ஏத்திடுவேன். அப்புறம் நகட்டவே கூடாது. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அந்தளவுக்கு ஒரிஜினல் கொறஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

நான் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு கட்டைகளையும் அறுத்து, இழைத்து, சுவரோரம் தயாராக அடுக்கி வைத்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ரவுண்டுதானே கேட்டேன். நகையா கேட்டேன், நட்டா கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, ஏரி ரவுண்டு?"

"எந்த ரவுண்டு?" என்றார். பிறகு ஞாபகம் வந்து, என் கண்ணைப் பார்க்காமல், "அந்த சீட்டு தோல்ல இன்னும் யாரும் உட்காரல. உட்கார்ந்தா சுருக்கம் விழும். ஃபாக்டரியில சுருக்கம் கெடையாது" என்றார்.

ஆக, பதினோரு வருடக் காத்திருப்புக்கு என் இடுப்பின் மேல் பழி.

அந்தக் காலை வந்தது. மெக்கானிக் துணி, பாலீஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு பைக்கில் முன்கூட்டியே மைதானத்துக்குப் போய்விட்டார். இவர் காரில். பக்கத்து சீட்டில் வெள்ளை விரிப்பு, விரிப்பின் மேல் அந்த வெளிநாட்டுத் தாள் இருக்கிற ஃபைல். ஃபைல் உட்காரலாம், நான் உட்காரக் கூடாது. எனக்கு ஒரு வாடகை டாக்சி பேசியிருந்தார், தண்ணீர் வாளியோடு பின்னால் வரச் சொல்லி. நான் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். டாக்சிக்குத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தால் டாக்சிக்கே போடுகிறேன் என்ற ஆத்திரம்.

பாதி வழியில், மாவு மில்லுக்கு எதிரே, கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டாக்சியும் நின்றது. இவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். டிக் சத்தம் இல்லை. திரும்பத் திருப்பினார். ஊகூம். முகம் வெளுத்துக் காரின் நிறத்துக்கு வந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மெக்கானிக்கின் குரல் எனக்கே கேட்டது.

"பம்ப்தான் சார் மாட்டிக்கிச்சு! அப்பவே சொன்னேன்ல? சீட்டுக்குப் பின்னாடி மூடியத் தெறந்து எதாவது கட்டையால தட்டுங்க. தட்டினா ஓடும். ஆனா விட்டா நின்னுடும், தட்டிக்கிட்டே வரணும். ஓட்டற ஆளுக்கு கை எட்டாது. பக்கத்துல ஒரு ஆள ஏத்திக்கோங்க."

இவர் டாக்சிக்காரரைப் பார்த்தார். டாக்சிக்காரர், "என் வண்டிய யாரு ஓட்டுவா?" என்றார். இவர் ரோட்டைப் பார்த்தார். மாவு மில்லைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"மெதுவா உட்காரு" என்றார். "முழுசா உட்காராத."

"முழுசா உட்காராதன்னா? பாதிய டாக்சில அனுப்பிடட்டுமா?"

"சும்மா இரேன். மணி ஒம்பது இருவது ஆச்சு."

முழுசாகத்தான் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தையும் சேர்த்து வைத்து உட்கார்ந்தேன். தகர மூடியைத் திறந்தால் பம்ப் தெரிந்தது, சிவப்புப் பொட்டும் தெரிந்தது. தட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. என் செருப்பைக் கழற்றி மரக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினேன். டிக் டிக் டிக். எஞ்சின் உயிர் பெற்றது. டாக்சிக்காரர் கைதட்டிவிட்டு வாளியோடு மைதானத்துக்குப் போய்விட்டார்.

அப்படியே போனோம். பம்ப் பேச்சை நிறுத்தும், நான் தட்டுவேன், அது மறுபடி பேசும். தட்டாமல் விட்டால் பத்து எண்ணும் வரை வண்டி ஓடும், அப்புறம் இருமும். இதை நான் இரண்டு கிலோமீட்டரிலேயே கற்றுக்கொண்டேன். வழியிலிருக்கும் நாற்சந்தி வருவதற்குள் எனக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது. ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது. ஆனால் வண்டி என் கையில் இருக்கிறது.

நாற்சந்தியில் இடது பக்கம் போனால் மைதானம், ஐந்தே நிமிடம். வலது பக்கம் போனால் ஏரி ரோடு. சுற்றிவிட்டு இதே நாற்சந்திக்குத்தான் வந்து சேரும். மணி ஒன்பது முப்பத்தைந்து.

நான் செருப்பை மடியில் வைத்துக்கொண்டேன். "வலது பக்கம் திருப்புங்க" என்றேன்.

"என்னது?"

"ஏரி. ஒரு ரவுண்டு."

"உனக்குப் பைத்தியமா? பத்து மணிக்கு கேட்டு மூடிடுவான்! விட்டா இன்னும் மூணு வருஷம்!"

"தெரியும். பதினோரு வருஷத்த விட மூணு கம்மிதான்."

"தட்டு!"

"திருப்புங்க."

வண்டி இருமியது. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மனதுக்குள் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் கடிகாரத்தையும் இடது பக்க ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வருடம் இந்த மனிதர் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் நானும்தான் வேறு எதையும் கேட்டதில்லை. இன்றைக்கு விட்டால் நாளைக்கு வண்டி கட்டை மேல் ஏறிவிடும். நான் செருப்பை எடுக்கவில்லை. வண்டி இரண்டாவது தடவை இருமியபோது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். நான் தட்டினேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். திட்டட்டும். என் வலது பக்கம் முழு ஏரியும் இருந்தது. அவருடைய மூக்குக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தகதகவென்று மின்னியது. முடி கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது, கட்டியிருந்த ரப்பர் பேண்ட் எங்கேயோ பறந்து போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கையால் தட்டிக்கொண்டே சத்தமாகச் சிரித்தேன்.

நான்காவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட வளைவு. அதில் அவர் கியரை மாற்றினார். எஞ்சினின் குரல் மாறியது. அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: இந்த மனிதர் பதினோரு வருடம் செய்த வண்டியை இன்றைக்குக் காலை வரை ஒரு தடவைகூட ரோட்டில் ஓட்டியதில்லை. கராஜுக்கும் கேட்டுக்கும் நடுவில் நகர்த்தியதோடு சரி. காலையிலும் பயந்து பயந்து ஊர்ந்ததில், மூன்றாவது கியர் எப்படி இருக்கும் என்று இந்த வளைவு வரை அவருக்கே தெரியாது.

"ஏய்" என்றார். "இது வளையுது பாரு. சும்மா நெனச்சாலே வளையுது."

"பாத்து ஓட்டுங்க."

"தட்டு, தட்டு, நிறுத்தாத!"

அடுத்த வளைவில் அவர் சிரித்துவிட்டார். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற மனிதர் தன் பல்லைக் காட்டிச் சிரித்து நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை. எல்லாம் ஒரிஜினல், வரிசை மட்டும் கொஞ்சம் கோணல்.

நடுவில் ஆடுகள் குறுக்கே வந்து ரோட்டை அடைத்துக்கொண்டன. அவற்றுக்குப் பத்து மணி கணக்கெல்லாம் தெரியாது. மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து ஒன்பது. கேட் மூடியிருந்தது. மெக்கானிக் உள்ளே இருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். நடுவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. கம்பி வழியாகவே வண்டியை ஒரு நோட்டம் விட்டார். கதவு இடுக்கைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா பத்து மணின்னா பத்து மணி சார்."

"சரிதான்" என்றார் இவர். "ரூல்னா ரூல்தான்." நடுவரின் இடத்தில் இவர் இருந்திருந்தால் பத்து மணி ஒரு நிமிடத்துக்கே விரட்டியிருப்பார்.

"அந்தப் பக்கத்து சீட்டுல சுருக்கம் விழுந்திருக்கே" என்றார் நடுவர்.

"ஆமா. எங்க வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கா."

நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.  நான் தட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து வண்டியைக் கராஜில் விட்டு, கதவைச் சாத்தி, மாடி ஏறிப் போய்விட்டார்.

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், தட்டை வைத்தார், மாடிக்குப் போனார். மகள் போனில், "அம்மா, நீ பண்ணது டூ மச்" என்றாள். எனக்கும் தெரியும். ஒரு ராட்சசி மாதிரி அவர் கழுத்தில் செருப்பை வைத்திருக்கிறேன். சந்தோஷமும் வருத்தமும் ஒன்றையொன்று விடாமல் என்னைத் தின்றன. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு நாள் "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "உப்பு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கராஜிலிருந்து ஏதோ ராவுகிற சத்தம் இரண்டு மூன்று நாள் கேட்டது. கட்டை மேல் ஏற்றுகிறார் போல என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"செருப்பப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

கராஜில் வண்டி தன் காலில்தான் நின்றது. நாலு கட்டைகளின் மேல் என் பூந்தொட்டிகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்து சீட்டில் விரிப்பு இல்லை. உட்கார்ந்தேன், முழுசாக. அவர் சாவியைத் திருப்புவதற்குள் நான் பழக்கத்தில் பின்னால் திரும்பித் தகர மூடியைத் திறந்துவிட்டேன். ஸ்க்ரூ மேல் அறுபது வருடமாக உடையாமல் இருந்த சிவப்புப் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. திறந்திருக்கிறார். உள்ளே தேய்த்திருக்கிறார். புதிதாகப் பொட்டு வைத்து மறைக்கக்கூட இல்லை.

சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக் டிக் என்று பம்ப் ஒரு தடங்கலும் இல்லாமல் சுத்தமாகப் பேசியது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே ரோட்டைப் பார்த்தபடி, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"என்ன பாத்துட்டிருக்க? தட்டு."

தட்டினேன்.